பெய்ஷெனும் குலாயிமும் நடந்த தூரம்

நரின் நகரத்து ஆஸ்பத்திரியில் நுரையீரல் வார்டு அப்போது இரண்டாவது மாடியில் இருந்தது. மூச்சுவிட முடியாதவர்களைக் கொண்டுபோய் இரண்டாவது மாடியில் வைத்தவர் யாரென்று எங்களில் யாருக்கும் தெரியாது. மாடிப்படி முடிந்ததும் நீளமான வராந்தா. ஒரு பக்கம் நோயாளிகளின் அறைகள், மறுபக்கம் ஆற்றைப் பார்த்த பெரிய ஜன்னல்கள். குளிர்காலக் காலைகளில் பாதி உறைந்த ஆற்றிலிருந்து வெளிச்சம் எகிறி வந்து வராந்தாவின் கூரையில் அசையும். அந்த வராந்தாவின் தரையில் நான் முட்டிபோட்டு, மூன்று மீட்டருக்கு ஒன்றாகச் சிவப்புக் கோடுகள் போட்டேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. இப்போது தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறேன். எல்லா வசதியும் இருக்கிறது. ஆனாலும் நர்ஸ் வேலை என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு நினைவு வருவது அந்த வராந்தாதான்.

கோடு போடச் சொன்னவர் டாக்டர் ஊல்கான். தலைநகரிலிருந்து இரண்டு வருடத்துக்கு எங்கள் ஊருக்கு வந்தவர். குள்ளமாக, சத்தமாகப் பேசுகிற பெண். வந்த முதல் வாரமே என்னிடம் சொன்னார்: "ஜிபார், இங்க இருக்கற நோயாளிங்க நுரையீரலால பாதிதான் போறாங்க. மீதிப் பாதி படுத்துப் படுத்தே போறாங்க. மூச்சு வாங்குதுன்னு படுக்கறாங்க. படுத்தா காலு மெலியுது. காலு மெலிஞ்சா பத்தடிக்கே மூச்சு வாங்குது. திரும்பப் படுக்கறாங்க." எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், நடைப் பயிற்சி வகுப்பு என்று ஒன்றை ஆரம்பித்தார். ஊர் சிரித்தது.

இரண்டாயிரத்துப் பதினொன்று பிப்ரவரியில் பெய்ஷெனை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு ஆண்கள் மாடிக்குத் தூக்கிவந்தார்கள். பார்த்ததும் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. நரினில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. பொதுக் குளியலகத்தில் இருபத்தேழு வருடம் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவர். என் சின்ன வயதில் சனிக்கிழமைதோறும் அம்மா என்னை அங்கே கூட்டிப்போவாள். வெந்நீர் ஆறிப்போனால் பெண்கள் செம்பால் குழாயைத் தட்டுவார்கள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கனத்த குரல் வரும்: "பத்தலையா, இல்ல வெந்துட்டீங்களா?" பெண்கள் எல்லாம் சேர்ந்து கத்துவார்கள். கொஞ்ச நேரத்தில் குழாய் உறுமும், சூடு வரும். அந்தக் குரலுக்கு உடம்பு ஒன்று இருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. நாற்காலியில் வந்த மனிதருக்குக் குரலும் இல்லை, உடம்பும் இல்லை. ஐம்பத்தெட்டு வயது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. கரிப்புகை ஒரு பக்கம், நாளுக்கு ஒரு பெட்டி சிகரெட் இன்னொரு பக்கம். மூன்று குளிர்காலமாகப் படுக்கை. ஒவ்வொரு குளிர்காலத்திலும் இரண்டு தடவை ஆஸ்பத்திரி.

கூடவே ஓடிவந்தது அவர் மனைவி குலாயிம். தலையில் முக்காடு, கையில் சூப் தூக்கு, தோளில் கம்பளி. என்னைப் பார்த்ததும் பெருமையாகச் சொன்னாள்: "மூணு வருஷமாம்மா, இவரை ஒரு விறகுக் கட்டை தொட விடல. சாப்பாடு கைக்கு, தண்ணி வாய்க்கு. காலுறைகூட நான்தான் மாட்டிவிடறேன்."

பத்து நாளில் காய்ச்சல் இறங்கியது, சளி குறைந்தது. இன்ஹேலரை எப்படி இழுப்பது என்று கற்றுக்கொடுத்தோம். மூன்று வருடமாக அதை அவர் வாய்க்கு வெளியே அடித்துக்கொண்டிருந்தார். பிறகு டாக்டர் ஊல்கான் அவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"ஆறு நிமிஷம் நடக்கணும். எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு. முடியலன்னா நின்னுக்கலாம், உக்காந்துக்கலாம்."

பெய்ஷென் மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னார்: "நடக்க முடியலன்னுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீங்க என்னடான்னா நடன்னு சொல்றீங்க."

"பல்லு வலின்னு வந்தா வாயைத் திறன்னுதான சொல்வோம்."

குலாயிம் வராந்தா முனையில் கம்பளியை அணைத்தபடி நின்றாள். "டாக்டரம்மா, இவருக்கு ஏதாவது ஆச்சுன்னா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டாள்.

அந்தச் சோதனையில் நர்ஸ் வேறு எதுவும் பேசக்கூடாது. ஒவ்வொரு நிமிடத்துக்கும் எழுதிவைத்த வாக்கியம் ஒன்று உண்டு. அதை ஒரே குரலில் சொல்ல வேண்டும். நான் அவர் விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டி, கையில் கடிகாரத்தோடு நின்றேன்.

"நல்லா நடக்கறீங்க. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு."

பன்னிரண்டாவது கோட்டுக்குள் நாற்காலி கேட்டார். உட்கார்ந்தார். எழுந்தார்.

"நல்லா நடக்கறீங்க. இன்னும் நாலு நிமிஷம் இருக்கு."

"நான் நல்லா நடக்கலன்னு... உனக்கும் தெரியும்... எனக்கும் தெரியும். வேற பேச்சே தெரியாதா உனக்கு?"

"நல்லா நடக்கறீங்க. இன்னும் மூணு நிமிஷம் இருக்கு."

"யாரு பெத்த பொண்ணுடா இது" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு மறுபடி நடந்தார். மூன்று தடவை உட்கார்ந்தார். மொத்தம் நூற்று முப்பத்திரண்டு மீட்டர். சளைக்காமல் ஊதச் சொல்லி நுரையீரல் அளவும் எடுத்தோம். அந்த வயதுக்காரருக்கு நூறு இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தேழு.

வீட்டுக்கு அனுப்பும்போது இடுப்பில் மாட்டுகிற சின்னக் கருவி ஒன்றைக் கொடுத்தார் டாக்டர். நடக்கிற அடிகளை அது எண்ணும். முதல் வாரம் ஒரு நாளைக்குச் சராசரியாகத் தொள்ளாயிரம் அடி. "அடுத்த வாரம் ஆயிரத்து இருநூறு ஆகணும், பெய்ஷென் அண்ணே" என்றார் டாக்டர். அண்ணன் தலையாட்டினார்.

அடுத்த திங்கட்கிழமை டிராலி பஸ்ஸில் வந்து இறங்கினார். மாடிப்படியில் நான்கு இடத்தில் நின்று, மேலே வந்து, கருவியை மேஜைமேல் வைத்தார். டாக்டர் அதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஒரு நாளைக்குப் பதினோராயிரத்து நானூறு அடி."

"முயற்சி பண்ணினேன்" என்றார் பெய்ஷென்.

"நான்கூட அவ்வளவு நடக்கறதில்ல."

"நீங்க டாக்டர். உங்களுக்கு உக்காந்த வேலை."

வகுப்பில் இருந்த மற்ற ஐந்து பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். சிரித்தால் அவர்களுக்கு இருமல் வரும். இருமினால் இன்னும் சிரிப்பு வரும். கடைசியில் அவரே ஒத்துக்கொண்டார். கருவியைக் குலாயிமின் ஏப்ரன் பையில் போட்டுவிட்டிருந்தார். அவளுக்கே தெரியாது.

டாக்டர் ஊல்கான் மட்டும் சிரிக்கவில்லை. "குலாயிம் அக்கா எங்க?"

"கீழ. படி ஏறினா முழங்கால் வலிக்குதுன்னு கீழயே நிக்கறா."

நான் போய்க் கூட்டிவந்தேன். என்னோடு படி ஏறும்போது அவள் பேசவில்லை. மாடிக்கு வந்ததும் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெளியே ஆற்றைப் பார்ப்பதுபோல நின்றாள். முக்காட்டு நுனியை வாயில் வைத்து இரண்டு தடவை இருமினாள். அந்த இருமலை நான் அதுவரை நூறு தடவை கேட்டிருப்பேன். காதில் விழுந்ததே இல்லை. நோயாளி அவள் இல்லையே.

"முழங்கால்தான் வலிக்குதா அக்கா, இல்ல மூச்சு வாங்குதா?" என்று கேட்டார் டாக்டர்.

"வயசாகுதில்ல. எல்லாருக்கும் வாங்கறதுதான்."

"இதுல கொஞ்சம் ஊதுங்க."

"எனக்கு எதுக்கு? வீட்டுல மாவு பிசைஞ்சு வச்சிருக்கேன், நான் போகணும்."

"ஒரு தடவ ஊதிட்டுப் போங்க."

மூன்று தடவை ஊதினாள். டாக்டர் எண்ணைப் பார்த்தார். காகிதத்தை என்னிடம் நீட்டினார். நாற்பத்தொன்று.

பெய்ஷெனுக்கு முப்பத்தேழு. அவர் மனைவிக்கு நாற்பத்தொன்று. இவரை மாடிக்குத் தூக்கிவந்தார்கள். அவள் சூப்புத் தூக்கோடு பின்னால் ஓடிவந்தாள். அன்றைக்கே அவளை வராந்தாவில் நடக்கவைத்தோம். நான் என் வாக்கியங்களைச் சொன்னேன். ஆறு நிமிடத்தில் முந்நூற்றுத் தொண்ணூறு மீட்டர். ஒருமுறைகூட உட்காரவில்லை. நடுவில் ஒருதரம் நின்று, யாரோ தரையில் சிந்திய டீயை முக்காட்டால் துடைக்கப் போனாள். நான் தடுத்தேன்.

அவள் சிகரெட் தொட்டதில்லை. கல்யாணமான புதிதில் எட்டுக் கோடைகாலம் மேய்ச்சல் மலையில், கூடாரத்துக்குள் ஆட்டு வரட்டி எரித்துச் சமைத்தவள். பிறகு ஊருக்கு வந்து முப்பது வருடம் வீட்டு அடுப்பில் கரி.

பெய்ஷென் அந்தக் காகிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "அப்போ எனக்கும் இவளுக்கும் ஒரே வியாதியா?" என்று கேட்டார்.

"ஒரே வியாதிதான்."

"அப்புறம் இவ எப்படி தண்ணி தூக்கறா? எப்படி கரி அள்ளறா?"

"அவங்களப் படுக்கச் சொல்ல யாரும் இல்ல, அண்ணே."

குலாயிம் அவசரமாகச் சொன்னாள்: "சும்மா இருங்க. எனக்கு ஒண்ணுமில்ல. வாங்க, பஸ் போயிடும்."

அன்று இருவரும் படி இறங்குவதை நான் மேலிருந்து பார்த்தேன். வழக்கமாக அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொள்வாள். அன்றைக்கு அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தானாக இறங்கினார். அவள் பதறிப் பதறிக் கையை நீட்டிக்கொண்டே ஒரு படி முன்னால் போனாள்.

அடுத்த வாரம் அவர் வகுப்புக்கு வரவில்லை. கோபித்துக்கொண்டாரோ என்று நினைத்து, வேலை முடிந்து நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பெய்ஷென் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் கரி. அடுப்பிலிருந்து கூரைக்குப் போகும் தகரக் குழாய் துண்டுதுண்டாகக் கழற்றிக் கிடந்தது. குலாயிம் பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள்.

"நீயே பாரும்மா. மூணு நாளா வீட்டுல அடுப்பு இல்ல. பக்கத்து வீட்டுல போய்ச் சமைக்கிறேன். ஒரு திருகாணியக் கழட்டறாரு, பத்து நிமிஷம் உக்காந்துக்கறாரு. அடுத்ததக் கழட்டறாரு."

பெய்ஷென் குழாயின் உட்பக்கத்தை எனக்குக் காட்டினார். மூட்டு ஒன்று விரலளவு விட்டிருந்தது. அதன் வழியாகப் புகை வருடக்கணக்கில் சமையலறைக்குள்ளேயே இறங்கியிருக்கிறது.

"இருபத்தேழு வருஷம் ஊருக்கெல்லாம் கொதிகலன் பாத்தேன்" என்றார். "ஒரு நாளாவது இதைத் தலைதூக்கிப் பாக்கல. இவ இருமறப்பல்லாம் நான் கட்டில்ல இருந்து சத்தம் போடுவேன், தூங்க விடுடின்னு."

"சரி விடுங்க. இப்ப எதுக்கு அது?" என்றாள் குலாயிம். பிறகு என்னிடம் திரும்பி, "டீ குடிக்கிறியா? பால் இருக்கு. ஆனா அடுப்புதான் இல்ல" என்றாள்.

ஆறு நாளில் குழாயைப் பொருத்தி முடித்தார். அந்த ஆறு நாளும் கருவி அவர் இடுப்பில்தான் இருந்தது. தினம் இரண்டாயிரத்து நூறு அடி. டாக்டர் ஊல்கான் அந்த எண்ணை வட்டம் போட்டு வைத்தார்.

அதற்குப் பிறகு அவர் தண்ணீர் எடுக்க ஆரம்பித்தார். தெருமுனைக் குழாய் அவர்கள் கதவிலிருந்து நூற்று எழுபது அடி. முதலில் வெறுங்கையோடு போய்வந்தார். பிறகு மூன்று லிட்டர் கேன். நடுவழியில் கேனைக் கவிழ்த்துப் போட்டு உட்கார முடியாது, அதில் தண்ணீர் இருக்கிறது; அதனால் வேலி ஓரமாக ஒரு மரப்பெட்டியைக் கொண்டுபோய்ப் போட்டார். ஊர் வாய் சும்மா இருக்குமா? எதிர்வீட்டுச் சைனாப் குழாயடியில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "நோயாளி மனுஷனைத் தண்ணி சுமக்க விட்டுட்டு உள்ள என்ன பண்றா குலாயிம்? நம்ம ஊருல இப்படிப் பாத்ததில்லம்மா." எங்கள் பக்கத்தில் வியாதியைவிட இந்தப் பேச்சுதான் பெரிது. குலாயிம் அன்றைக்கு அழுதுவிட்டாளாம். இனிமேல் நீங்கள் கேனைத் தொட்டால் நான் மகள் வீட்டுக்குப் போய்விடுவேன் என்றாளாம்.

மறுநாள் பெய்ஷென் குழாயடிக்குப் போய், சைனாப் வரும்வரை பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்.

"சைனாப், உன் வீட்டுக்காரன் நல்லா இருக்கானில்ல?"

"அவருக்கென்ன, கல்லு மாதிரி இருக்காரு."

"நான் நோயாளி. நானே ரெண்டு நடை தண்ணி எடுக்கறேன். கல்லு மாதிரி இருக்கறவன் எத்தனை நடை எடுக்கறான்?"

குழாயடியில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சைனாப் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஒரு வாரம் கழித்து அவள் புருஷனும் வாளியோடு வர ஆரம்பித்தான் என்று வகுப்பில் பெய்ஷென் சொன்னபோது, மறுபடி எல்லோருக்கும் இருமல்.

அந்த வகுப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் மலர்கிறது. ஏப்ரல் மாதம், பனி உருகி ஆறு பழுப்பாக ஓடும் நாட்கள். ஆறு நோயாளிகள், ஏழாவதாகக் குலாயிம். நாற்காலியிலிருந்து எழுவார்கள், மறுபடி உட்காருவார்கள். மணல் நிரப்பிய பாட்டில்களைத் தூக்குவார்கள். வராந்தாவில் இரண்டிரண்டு பேராக நடப்பார்கள். முன்னாள் டிரைவர் ஒருவர் திருப்பத்தில் ஹாரன் அடிப்பதுபோல ஒலி எழுப்புவார். நான் "நல்லா நடக்கறீங்க" என்று ஆரம்பித்தால் மீதியை ஏழு பேரும் சேர்ந்து சொல்வார்கள். வகுப்பு முடிந்ததும் யாராவது பையிலிருந்து பொரித்த ரொட்டியும் உலர்த்திய தயிர் உருண்டையும் எடுப்பார்கள். சமையல்காரி டீ கொண்டுவருவாள். வார்டு முழுக்க எட்டிப்பார்க்கும்.

மே மாதத்தில் பிஷ்கெக்கிலிருந்து அவர்கள் மகள் புருல் வந்தாள். அம்மாவுக்கும் அதே வியாதி என்று கேள்விப்பட்டு அலறிக்கொண்டு வந்தவள். வந்ததும் அம்மாவின் கையிலிருந்த வாளியைப் பிடுங்கினாள், கட்டிலில் படுக்கவைத்தாள், கம்பளியால் போர்த்தினாள். குலாயிமுக்கு உள்ளூர அது பிடித்திருக்க வேண்டும். வாழ்க்கையில் யாரும் அவளைப் படுக்கச் சொன்னதே இல்லை. ஒரு நாள் படுத்தாள். இரண்டாம் நாளும் படுத்தாள். மூன்றாம் நாள் பெய்ஷென் மகளைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தார். இதை எனக்குச் சொன்னது புருல்தான்.

"உங்கம்மா என்னை மூணு வருஷம் இப்படித்தான் பாத்துக்கிட்டா" என்றாராம். "அன்பாத்தான் பாத்துக்கிட்டா. கடைசியில என்னைத் தூக்கிட்டுப் போனாங்க. அவளுக்கு உதவி பண்ணு. கரிய நீ அள்ளு, பெரிய வாளிய நீ தூக்கு, அடுப்பு ஊத விடாத. ஆனா படுக்க மட்டும் வைக்காத."

"அப்பா, அவங்களுக்கு மூச்சு வாங்குது."

"வாங்கட்டும். நின்னு வாங்கிட்டு மறுபடி நடப்பா. எனக்குத் தெரியும் அது எப்படின்னு."

எட்டு வாரம் முடிந்து மறுபடி சோதனை வைத்தோம். பெய்ஷென் இருநூற்று நாற்பத்தாறு மீட்டர் நடந்தார், ஒரே ஒரு தடவை நின்று. பிறகு ஊதினார். அதே முப்பத்தேழு.

முகம் விழுந்துவிட்டது. "அப்போ நான் பட்ட பாடு?"

"அது ஏறாதுண்ணே. புகை தின்ன இடம் திரும்ப வராது" என்றார் டாக்டர் ஊல்கான். அவர் எந்த நோயாளியிடமும் பொய் சொன்னதில்லை. "உங்க காலு மாறிருக்கு. மீதி இருக்கற மூச்ச வச்சு எவ்வளவு தூரம் போகலாம்ங்கறது மாறிருக்கு."

"நேத்து குளியலகத்துக்குப் போய்ப் பாத்துட்டு வந்தேன். இப்ப இருக்கற பையனுக்குக் கரி போடவே தெரியல" என்றார் பெய்ஷென். டாக்டருக்கு அது போதுமானதாக இருந்தது.

எல்லாம் நேர்க்கோட்டில் போகவில்லை. இரண்டாயிரத்துப் பதினான்கில் அவருக்கு நிமோனியா வந்து மூன்று வாரம் கிடந்தார். டாக்டர் ஊல்கான் அதற்குள் தலைநகருக்கே திரும்பியிருந்தார். வகுப்பை நான் தனியாக நடத்திக்கொண்டிருந்தேன். காய்ச்சல் விட்டபோது அவரால் கட்டிலிலிருந்து கதவுவரைகூடப் போக முடியவில்லை. சேர்த்ததெல்லாம் போயிருந்தது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். குலாயிம் தினமும் வந்து கட்டிலருகே நின்று ஒரே வாக்கியம் சொல்வாள்: "எந்திரிங்க, கதவுவரைக்கும் போயிட்டு வரலாம்." ஒரு காலத்தில் அவருக்குக் காலுறை மாட்டிவிட்டவள். ஐந்தாம் நாள் எழுந்தார். பன்னிரண்டு அடி. அந்தக் கோடைக்குள் மறுபடி தெருமுனைக் குழாய்வரை வந்துவிட்டார்.

மொத்தத்தில் எட்டு வருடம் இருந்தார். முன்பு ஒவ்வொரு குளிர்காலமும் இரண்டு தடவை வார்டுக்கு வந்தவர், அந்த எட்டு வருடத்தில் நான்கு தடவைதான் வந்தார். இரண்டாயிரத்துப் பத்தொன்பது செப்டம்பரில் போனார். நான் அப்போது பிஷ்கெக்குக்கு மாறியிருந்தேன். நாற்பதாம் நாள் விருந்துக்குப் போனேன்.

கூட்டம் கலைந்தபிறகு குலாயிம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள். வாக்கியத்துக்கு ஒரு தடவை நிறுத்தி மூச்சு எடுத்தாள்.

"கடைசி மாசம் வாசல்வரைக்கும்தான் போக முடிஞ்சுது. ஆனா போனாரு. அன்னிக்குக் காலையில எந்திரிச்சு, மெத்தையத் தானே சுருட்டி மூலையில வச்சாரு. நான் சுருட்டறேன்னேன். விடல. டீ குடிச்சாரு. ரொட்டி கருகிடுச்சுன்னு என்னைத் திட்டினாரு. பத்து மணிக்கு நாற்காலியில உக்காந்தபடியே போயிட்டாரு."

"கருகியிருந்துதா?"

"கொஞ்சம்." அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

நான் கிளம்பியபோது பஸ் நிறுத்தம்வரை வருவேன் என்று முக்காட்டைக் கட்டிக்கொண்டாள். வேண்டாம் என்று புருல் சொல்லவில்லை. அம்மாவின் மேல்கோட்டை எடுத்துக்கொடுத்தாள். மலைமேல் முதல் பனி விழுந்திருந்தது. வழியில் இரண்டு இடத்தில் நின்றோம். அவள் உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை விட்டாள், வகுப்பில் கற்றுக்கொடுத்த மாதிரியே. பஸ் வந்ததும் என் கையில் ஒரு பொட்டலம் ரொட்டியைத் திணித்துவிட்டு, திரும்பி வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.